அம்மா காபியில் மாத்திரை கலக்கிறார், டாக்டரோ குடும்பத்தோடு வரச் சொல்கிறார். என்ன செய்வது?

பெரம்பூர்க்காரி எழுதியது:

வணக்கம். பெயர் சொல்லவில்லை, மன்னிக்கவும். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா வீட்டில், எனக்கு 27 வயது, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். தம்பிக்கு 21. ஓஎம்ஆர் பக்கம் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறான், அதாவது படித்துக்கொண்டிருந்தான்.

போன ஆடியிலேயே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது திரும்பிப் பார்த்தால் தெரிகிறது. முதலில் தூக்கம் போனது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் நடப்பான், கேட்டால் புராஜெக்ட் வேலை என்பான். அப்புறம் லேப்டாப் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினான், அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் ஆபீஸிலேயே நாலு பேர் ஒட்டியிருக்கிறார்கள். கார்த்திகை வாக்கில்தான் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வைக்கிறான் என்று தெரிந்தது. தேதி, நேரம், எத்தனை விசில். மூன்று அடித்தால் அன்றைக்கு வெளியே போகக்கூடாதாம். ஐந்து அடித்தால் போனை யாரோ ஒட்டுக் கேட்கிறார்களாம். பக்கம் பக்கமாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, பரீட்சையில்கூட அவன் அவ்வளவு அழகாக எழுதியதில்லை. அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்பா ஆரம்பத்தில் இருந்தே "நடிக்கிறான், செல்போனைப் பிடுங்கினால் சரியாகிவிடும்" என்றார். ஒரு நாள் பிடுங்கவும் செய்தார், கை ஓங்கவும் செய்தார். அன்றிலிருந்து தம்பி அப்பா இருக்கும் அறைக்கே வருவதில்லை. பெரியம்மா குணசீலம் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கச் சொன்னார். இப்படியே பேசிப் பேசித் தை வந்துவிட்டது. ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். ஐந்து நிமிடம் பார்த்தார், சைக்கோசிஸ் என்றார், அதாவது இல்லாததை நம்ப வைக்கும், கேட்க வைக்கும் மனநோய். ரிஸ்பெரிடோன் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். தம்பி இரண்டு நாள் போட்டான், மூன்றாம் நாள் துப்பிவிட்டான். அம்மா டாக்டருக்குப் போன் செய்து அழ, "எப்படியாவது உள்ளே போனால் சரி" என்றாராம். அன்றிலிருந்து காலைக் காபியில் பொடித்துக் கலந்து கொடுக்கிறார். பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை, அதனால் 2 மில்லிகிராம் 4 ஆகி, போன மாதம் 6 ஆகிவிட்டது. எங்களுக்கும் தூக்கமே கிடையாது. பால்கனியில் அம்மா பத்து வருடமாக வளர்த்த மணி பிளான்ட்கூடப் பட்டுப்போய்விட்டது, வீடு அந்த நிலையில் இருக்கிறது.

போன வாரம் வேறு ஒரு இடத்துக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டர் அவனோடு மட்டுமே முக்கால் மணி நேரம் பேசினார், ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மூளை ஸ்கேன் எல்லாம் எழுதினார், மாத்திரையைத் தற்போதைக்கு அப்படியே தொடரச் சொல்லிவிட்டு, "அடுத்த முறை வீட்டில் எல்லோரும் வாருங்கள், சமூகப் பணியாளர் உங்களோடு பேசுவார், நாலைந்து முறை வர வேண்டியிருக்கும்" என்றார். காபி விஷயத்தை அங்கே சொல்ல அம்மாவுக்குப் பயம், சொல்லவில்லை.

தம்பி "அப்பா வந்தால் நான் வரமாட்டேன்" என்கிறான். அப்பா "எவனோ ஒருத்தன் முன்னால் உட்கார்ந்து வீட்டுக் கதையைச் சொல்லவா" என்கிறார். அம்மாவுக்கு இன்னொரு கவலை, எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது, ஆவணிக்குள் முடிக்கலாம் என்று பேச்சு.

இப்படிக் குடும்பத்தோடு போய் உட்காருவதில் உண்மையிலேயே பலன் உண்டா? காபியை நிறுத்தினால் மருந்தே இல்லாமல் போய்விடாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வில்லிவாக்கம் அம்மா எழுதியது:

அம்மாடி, உன் அம்மாவைத் திட்டாதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நானும் கலந்தவள்தான். காபியில் இல்லை, தயிர்சாதத்தில். நாலு மாதம்.

என் மகனுக்கு 22 வயதில் வந்தது, இப்போது 31. அவனுக்கு வந்த சந்தேகமே "சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்" என்பதுதான். இல்லடா ராஜா, அம்மா அப்படிச் செய்வேனா என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு அடுப்படிக்குப் போய் மாத்திரையைக் கரண்டியால் நசுக்குவேன். ஒரு நாள் சரியாகப் பொடியவில்லை. தட்டு ஓரத்தில் வெள்ளையாக ஒரு துணுக்கு. விரலால் எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் ஆறு மாதம் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. டீக்கடையில் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் பன், உறை பிரிக்காத பிஸ்கட், தேங்காயை அவனே உடைத்துச் சாப்பிடுவான். பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டான். அவன் சந்தேகம் நோய், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது உண்மையாக இருந்தது பார், அதை உண்மையாக்கியது நான்.

இன்னொன்றும் நடந்தது. மருந்தால் அவனுக்கு வாயில் எச்சில் ஒழுகியது, கால் ஒரு இடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவனாக இருந்தால் டாக்டரிடம் சொல்லியிருப்பான், குறைத்திருப்பார்கள், அல்லது அதற்கு ஒரு மாற்று மாத்திரை கொடுத்திருப்பார்கள். இவனுக்குத்தான் தெரியாதே. மேல் மாடிக்காரன் கரண்ட் விடுகிறான் என்று போய்ச் சண்டை போட்டான். போலீஸ் வரைக்கும் போனது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தோடு கூப்பிட்டால் போ. நான் முதல் தடவை போனபோது எங்கள் மேல் பழி போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன், நான் வளர்த்த லட்சணம், அவர் குடித்தது எல்லாவற்றையும் கிளறுவார்கள் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த சமூகப் பணியாளர் பெண் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் கடைசியாக எப்போது ஆறு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினீர்கள்?" பதில் சொல்ல வரவில்லை, அழுதுவிட்டேன். அப்புறம் ஒரு வாரத்துக்கு எத்தனை முறை "மாத்திரை போட்டாயா" என்று கேட்கிறேன் என்று காலண்டரில் கோடு போடச் சொன்னார்கள். முதல் நாளே பதினோரு கோடு. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு தடவைதான் கேட்பது, அதுவும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்று முடிவு செய்தோம். அந்த ஒரே ஒரு மாற்றத்தில் வீட்டில் சத்தம் பாதி குறைந்தது.

இப்போது அவன் மாதாமாதம் போடும் ஊசியில் இருக்கிறான், அவனே கேட்டு வாங்கியது. ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு.

கல்யாண விஷயம் பற்றி ஒன்று. மறைத்துச் செய்யாதே. நாளைக்கு உன் தம்பி உன் வீட்டுக்கு வந்து போக வேண்டுமா இல்லையா?


ஓம்_நமோ எழுதியது:

டாக்டர், கவுன்சிலிங் எல்லாம் காசு பிடுங்கும் வேலை. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குங்கள், உச்சிக்காலத் தீர்த்தம் முகத்தில் தெளிப்பார்கள். என் சித்தப்பா அப்படித்தான் சரியானார்.


வில்லிவாக்கம் அம்மா எழுதியது:

ஐயா, நானும் போனேன். மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது, சாமியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருந்தை விட்டுவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்துப்போனார்கள், காலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. ஒவ்வொருவரையும் யாரோ ஒரு அம்மாவோ அண்ணனோ நம்பிக்கையோடுதான் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். கோயிலுக்குப் போங்கள், மாத்திரைப் பெட்டியும் பையில் இருக்கட்டும்.


திரும்பி_வந்தவன் எழுதியது:

சிஸ்டர், குக்கர் விசில் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு 29சி பஸ். எதிரே வரும் 29சியின் நம்பர் பிளேட்டில் கடைசி இரண்டு எண்ணைக் கூட்டினால் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மட்டும் செய்தி வரும். எனக்கு அப்போது 23 வயது. இப்போது 29, வேலையில் இருக்கிறேன், குறைந்த டோஸ் மருந்தும் இருக்கிறது. எல்லோரும் உங்கள் அம்மா அப்பா பக்கம் நின்று பேசுகிறார்கள், நான் உங்கள் தம்பி உட்கார்ந்திருக்கும் மூலையில் இருந்து சொல்கிறேன்.

எனக்கு அப்போது எல்லாவற்றையும் விடக் கொடுமையாக இருந்தது என் காதில் மட்டும் கேட்ட குரல்கள்கூட இல்லை, வீட்டில் பேசும் குசுகுசுதான். நான் ஹாலுக்கு வந்தால் அடுப்படியில் பேச்சு நின்றுவிடும். கதவைச் சாத்தினால் மறுபடி தொடங்கும். யாரோ எனக்கு எதிராகத் திட்டம் போடுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருப்பவனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்பதைக்கூட எனக்குச் சொல்லாமல், மாமா வீட்டுக்கு என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினார்கள். அதில் இருந்து எந்த ஆட்டோவிலும் ஏறமாட்டேன் என்று ஒரு வருடம் இருந்தேன்.

உதவியது யார் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். அவருக்கு இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வருவார், கேரம் போர்டைத் துடைப்பார், பவுடர் போடுவார், "ஆடுறியா?" என்பார். இல்லை என்றால் தனியாக ஆடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் பஸ் விஷயத்தை அவரிடம் சொன்னேன். "அப்படியெல்லாம் இல்லை" என்றும் சொல்லவில்லை, "ஆமாம்" என்றும் சொல்லவில்லை. "அப்போ ரோட்டில் நடக்கவே பயமா இருக்குமே மாப்ள" என்றார். அவ்வளவுதான். அந்தப் பயத்தை ஒருத்தர் கண்டுகொண்டார் என்பதே போதுமாக இருந்தது, அடுத்த வாரம் டாக்டரிடம் அவரோடு போனேன்.

குடும்பத்தோடு உட்கார்ந்து பேசும் இடத்தில் நான் முதலிலேயே கேட்டது, நான் டாக்டரிடம் தனியாகச் சொல்வதில் எது வீட்டுக்குப் போகும், எது போகாது? அவர் ஒரு தாளில் எழுதினார். தூக்கம், மருந்து, உயிருக்கு ஆபத்து வரும் மாதிரி ஏதாவது என்றால் வீட்டுக்குச் சொல்வேன், மற்றது உன்னைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்று. குரல்கள் என்னைப் பற்றிச் சொன்ன அசிங்கமான விஷயங்கள் என் அம்மா காதுக்குப் போகாது என்று உறுதியானதும்தான் என்னால் வாயைத் திறக்க முடிந்தது. உங்கள் தம்பிக்கும் அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அப்பா வேண்டாம் என்றால் முதல் தடவை அப்பா வேண்டாம். வெளியில் பெஞ்சில் உட்காரட்டும். நானும் என் அப்பாவை மூன்றாவது தடவைதான் உள்ளே விட்டேன்.

காபி பற்றி: நிறுத்துங்கள், ஆனால் சத்தமில்லாமல் நிறுத்தாதீர்கள். சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.


சைதை_ஒற்றையாள் எழுதியது:

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் குடும்பம் குடும்பம் என்று பேசுகிறீர்களே, யார் அந்தக் குடும்பம்? என் வீட்டில் நோயாளி என் அம்மா. அப்பா இல்லை. நான் ஒரே பிள்ளை, நைட் ஷிஃப்ட். எங்களைக் குடும்பத்தோடு வரச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் போய் உட்கார்ந்தோம், மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. அதுவும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு. ஒரு நாள் சம்பளம் போச்சு.

நர்ஸ் நான், சமையல்காரன் நான், காவல்காரன் நான், கல்லாப்பெட்டியும் நான். இதில் "குடும்பப் பங்கேற்பு" என்று அழகாகப் பெயர் வைத்து அவர்கள் செய்ய வேண்டிய வேலையும் நம் தலையில்தான் விழுகிறது. இன்சூரன்ஸில் மனநோயையும் உடல்நோய் மாதிரியே சேர்க்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, நான் கேட்டதற்கு வெளிநோயாளிச் செலவு வராது என்று கை விரித்துவிட்டார்கள்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகும்போது நீங்களும் கேளுங்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் பட்டியல் கொடுப்பார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு அவன் கதவை உடைத்தால் யாரைக் கூப்பிடுவது? அதற்குப் பதில் இல்லாமல் எழுந்து வராதீர்கள்.


வார்டு_நம்பர்_4 எழுதியது:

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளர், 14 வருடம். சைதைக்காரர் கேட்டது நியாயம், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சனிக்கிழமை நேரமோ போனில் பேசுவதோ முடியுமா என்று கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், கேட்காதவர்களுக்குத்தான் செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. ராத்திரி ஒரு மணிக்கு என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. ஆனால் அது பேசும் உதவிதான், யாருக்காவது அடிபடும் அபாயம் இருந்தால் 108. பணம் பிரச்சினை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னாலே சினிமாக்காரர்கள் நம்மைச் சிரிக்கப் பழக்கிவிட்டார்கள், 1794இல் இருந்து நடக்கும் ஆஸ்பத்திரி, வெளிநோயாளிப் பிரிவில் தினமும் காலையில் போய்ப் பாருங்கள், எல்லா வீட்டுக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள்.

பெரம்பூர் மேடம், பலன் உண்டா என்று கேட்டீர்கள். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவர்களைக் கவனித்தார். தனி அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்களை விட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி முற்றுவது அதிகமாக இருந்தது. வீட்டில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கேட்டதில், ஓயாத குறை சொல்லல், வெறுப்பு, அப்புறம் அளவுக்கு மீறிய பொத்திப் பொத்திப் பார்த்தல், இந்த மூன்றில் ஏதாவது அதிகமாக இருந்த வீடுகளில்தான் அது அதிகம் என்று தெரிந்தது. நோயைக் குடும்பம் உண்டாக்குகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அப்படிப் புரிந்துகொண்டு பல அம்மாக்களை நோகடித்த காலமும் உண்டு. பிறகு சண்டிகரில் இதே ஆராய்ச்சியைச் செய்தபோது குறை சொல்லல் லண்டனை விடக் குறைவாக இருந்தது. நம் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது மூன்றாவது வகை. 25 வயதுப் பையனுக்குச் சாதம் பிசைந்து ஊட்டுவது.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது வெளிநாட்டில் இருந்து இறக்குமதியான யோசனையும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியோடு வீட்டார் தங்க வழி செய்தார். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்தில் இன்றைக்கும் உடன் ஒருவர் தங்குவதுதான் வழக்கம். நம் ஊரிலேயே, மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனமும் கனடாவில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, முதல் தடவை சைக்கோசிஸ் வந்தவர்களை இரண்டு ஊரிலும் இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குரல், சந்தேகம் குறைவதில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் யாரோடும் பேசாமல், எதிலும் பிடிப்பில்லாமல், குளிக்காமல் கிடக்கிறார்களே, அந்த வகை அறிகுறிகள் சென்னையில் கூடுதலாகக் குறைந்தன. சிகிச்சையில் வீட்டாரின் பங்கும் சென்னையில்தான் அதிகம். அந்த அறிகுறிகள் மருந்து அவ்வளவாக எட்டாத இடம். அங்கேதான் கேரம் போர்டு வேலை செய்கிறது.

உள்ளே என்ன நடக்கும் என்றால், பெரும்பாலும் முதல் நாள் ஆளுக்கு ஒருவராக "நீங்கள் முதலில் கவனித்தது என்ன, எப்போது" என்று கேட்பார்கள். ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு கதை இருக்கும். அதில் இருந்து இவருக்கு நோய் திரும்பி வந்தால் எது முதலில் தெரியும் என்று எழுதி வைப்பார்கள். உங்கள் தம்பிக்குத் தூக்கம் என்று நினைக்கிறேன், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சட்டம் ஒரு வரியில். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், தனக்காகப் பேச யார் வேண்டும் என்று உங்கள் தம்பியே ஒருவரை நியமிக்கலாம். அது அப்பாவாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, அக்காவாக இருக்கலாம். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். சில பையன்களுக்குத் தன் கையிலும் ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே போதும்.

இன்னும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று பெயர் வைக்க வேண்டாம். முதல் முறை வந்த சைக்கோசிஸ் எல்லாமே அதில் போய் முடிவதில்லை. உங்கள் திருமணத்துக்காகச் சொல்கிறேன்: அப்படியே மனச்சிதைவு என்று முடிவானாலும், பொதுவாக நூற்றில் ஒருவருக்கு வருவது, உடன்பிறந்தவர்களுக்கு நூற்றில் ஒன்பது பத்து பேருக்கு என்பது நாங்கள் படித்த கணக்கு. மீதித் தொண்ணூறு பேருக்கு வருவதில்லை.


பெரம்பூர்க்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் போய்வந்தோம், நான், அம்மா, தம்பி. அப்பா வெளியில் பெஞ்சில், அதற்கே அவரைச் சம்மதிக்க வைக்க நாலு நாள் ஆனது.

அரைமணி நேரம் ஆனதும் தம்பியே "அப்பாவைக் கூப்பிடுங்க, ஆனா ஃபோனைப் பத்திப் பேசக்கூடாது" என்றான். அப்பா வந்து உட்கார்ந்தார். முதலில் என்ன கவனித்தீர்கள் என்று சமூகப் பணியாளர் பெண் கேட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "வைகாசியில சார். மேட்ச் பார்க்கும்போது என்கூடச் சண்டை போடுறதை நிறுத்திட்டான்" என்றார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கவனித்தது அவர்தான். காதல் தோல்வியாக இருக்கும், ஆம்பளைப் பையன், கேட்டால் சங்கடப்படுவான் என்று விட்டுவிட்டாராம். ஒரு பெண்ணைப் பார்த்து சார் என்கிறோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவு படபடப்பு. அப்பா சொன்னதைக் கேட்டுத் தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் நேற்று ஒரே அறையில் ஐபிஎல் ஓடிக்கொண்டிருந்தது.

காபி. அதை அங்கே உடைக்கவில்லை, வீட்டுக்கு வந்துதான், நேற்று ராத்திரி. அம்மா ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் மாத்திரை அட்டையுமாக அவன் முன்னால் போய் உட்கார்ந்தார். "இத்தனை நாளா இதைத்தான் அதுல போட்டேன்டா, இனிமே போடமாட்டேன்" என்றார். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் "தெரியும்மா" என்றான். மூன்றாவது நாளே தெரிந்துவிட்டதாம். எப்படி என்றால், காபியைக் கொடுத்துவிட்டு அம்மா நகராமல் நிற்பாராம், அதற்கு முன் ஒரு நாளும் அப்படி நின்றதில்லையாம். ஆறட்டும் குடிக்கிறேன் என்று சொல்லி அம்மாவை அனுப்பிவிட்டு பால்கனியில் மணி பிளான்ட் தொட்டியில் ஊற்றியிருக்கிறான். மூன்று மாதமாக.

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "அதான் செடி பட்டுப்போச்சா" என்றார்.

இன்றைக்கு ராத்திரியில் இருந்து மாத்திரையை அவனே போட்டுக்கொள்கிறேன் என்கிறான், கையில் கொடுத்தால். நான் தான் அவனுக்காகப் பேசும் ஆள் என்று எழுதிக் கொடுக்கவும் சம்மதம்.


வார்டு_நம்பர்_4 எழுதியது:

மேடம், ரொம்ப சந்தோஷம், ஆனால் இந்த நிமிடமே ஒரு வேலை செய்யுங்கள். இன்றைக்கு மாத்திரையைக் கொடுக்கும் முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். அந்த 6 மில்லிகிராம் வரை ஏற்றியது அவர் ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்று நினைத்து. மூன்று மாதம் மருந்தே உள்ளே போகாத உடம்பில் எடுத்த எடுப்பில் 6 போனால் கழுத்து இழுத்துக்கொள்ளலாம், தாடை இறுகலாம், அப்படி ஆனால் நாளைக்கே "விஷம் வைத்தார்கள்" என்று பழையபடி ஆகிவிடும். இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த நம்பிக்கை ஒரே ராத்திரியில் போய்விடும்.


பெரம்பூர்க்காரி எழுதியது:

பேசிவிட்டேன். நல்லவேளை சொன்னீர்கள். மணி பிளான்ட் கதையைக் கேட்டு டாக்டர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 1 மில்லிகிராமில் இருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறார், பத்து நாளில் திரும்ப வரச் சொன்னார். பழைய அட்டையில் எல்லாம் பெரிய மாத்திரை, அப்பா புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருக்கிறார்.